டர்பனில் கணக்கு வேலைக்குத் திறன் தேர்வா? கமாவில் கவனம்

என் முதல் தேர்வில் மொத்தம் பூஜ்யம் என்று வந்தது. பன்னிரண்டு பில் தொகைகளை வரிசையாக அடித்துவிட்டுக் கீழே கூட்டல் சூத்திரம் போட்டேன். 0 என்று காட்டியது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் 0. திருநெல்வேலியில் ஆறு வருடம் கணக்கு எழுதியவள் நான். ஏசி அறையில் எனக்கு வியர்த்தது. பையிலிருந்த கால்குலேட்டரை எடுத்துக் கூட்டி, வந்த தொகையைக் கையால் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வேலை கிடைக்கவில்லை.

தப்பு என்னவென்று மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கல்யாணமாகியோ வேறு வழியிலோ தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, கிரெடிட்டர்ஸ் கிளார்க் (கம்பெனி கொடுக்க வேண்டிய கணக்கு), டெட்டர்ஸ் கிளார்க் (கம்பெனிக்கு வர வேண்டிய கணக்கு), புக்கீப்பர் போன்ற வேலைகளுக்கு முயற்சி செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே நேர்காணலோடு விடமாட்டார்கள். அலுவலகத்துக்கே கூப்பிட்டு ஒரு கணினி முன்னால் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ வேலை வாங்கிப் பார்ப்பார்கள். ஏஜென்சி வழியாகப் போனால் ஏஜென்சியில் ஒரு முறை, கம்பெனியில் இன்னொரு முறை என்று இரண்டு தேர்வு கூட இருக்கும்.

1. முதலில் விசாவைப் பாருங்கள்

தேர்வில் முதலாவதாக வந்தாலும் வேலை செய்ய அனுமதி இல்லையென்றால் எல்லாம் வீண். கணவரோ மனைவியோ வேலை விசாவில் இங்கே வந்திருக்க, நீங்கள் துணையாக வந்திருந்தால் அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. தனியாக வேலை விசா வாங்க வேண்டும்.

நான் இந்நாட்டுக் குடிமகனைக் கல்யாணம் செய்தவள். எங்களைப் போன்றவர்களுக்குக் குடிவரவுச் சட்டத்தின் 11(6) பிரிவில் விசா தருகிறார்கள். அதில் வேலை செய்யும் அனுமதியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த விண்ணப்பத்துக்கே வேலை தருவதாக ஒரு கம்பெனியின் கடிதம் வேண்டும். ஆக, முதலில் வேலை கிடைக்க வேண்டும், பிறகு அனுமதி கேட்க வேண்டும், அதுவரை கம்பெனி காத்திருக்க வேண்டும். விண்ணப்பம் விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையம் வழியாகப் போகிறது. மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தேர்வுக்குக் கூப்பிடும் போதே ஹெச்ஆரிடம் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் மறைத்தது போல ஆகிவிடும். நான் இரண்டாவது இடத்தில் போனிலேயே சொன்னேன். "சரி, முதலில் தேர்வு எழுதுங்கள், பார்ப்போம்" என்றார்கள்.

2. காகிதங்கள்

பாஸ்போர்ட், விசா பக்கம், பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், பழைய வேலைச் சான்று, சிவி. அசலையும் நகலையும் எடுத்துப் போங்கள். நகல் என்றால் வெறும் ஜெராக்ஸ் போதாது, சான்றளிக்கப்பட்ட நகல் கேட்பார்கள். அதற்கு நோட்டரியைத் தேடி அலைந்து பணம் கட்டாதீர்கள். பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் இலவசமாகவே முத்திரை குத்தித் தருகிறார்கள். ஜெராக்ஸை மட்டும் நீங்களே வெளியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அசலையும் நகலையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முத்திரை, கையெழுத்து, தேதி போடுவார்கள். மாதக் கடைசியிலும் திங்கட்கிழமைக் காலையிலும் கூட்டம் இருக்கும். நான் செவ்வாய் மத்தியானம் போய்ப் பத்து நிமிடத்தில் வாங்கினேன்.

பெரும்பாலான இடங்களில் முத்திரைத் தேதி மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பார்கள். அதனால் மொத்தமாக இருபது செட் எடுத்து வைப்பதில் லாபம் இல்லை. நாலைந்து போதும்.

இந்தியப் பட்டத்துக்கு சாக்வா மதிப்பீடு கேட்கலாம். தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தை எல்லோரும் இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அலுவலகம் பிரிட்டோரியாவில், விண்ணப்பம் ஆன்லைனில். கட்டணம் ஆயிரம் ராண்டுக்குக் குறையாது. அவர்கள் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தொடர்புகொண்டு சரிபார்க்க வேண்டியிருப்பதால், நம் பல்கலைக்கழகம் பதில் போடும் வேகத்தில்தான் காரியம் நடக்கும். எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. தேர்வுக்கு அழைப்பு வந்த பிறகு தொடங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். டர்பனில் இறங்கிய வாரமே விண்ணப்பியுங்கள்.

3. யாராவது பணம் கேட்டால்

தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம், பயிற்சிப் புத்தகம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வேலை தேடுகிறவரிடம் அதற்காகக் கட்டணம் வாங்குவதை 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடை செய்கிறது. ஏஜென்சிக்குக் கூலி கம்பெனி கொடுக்கும். "இன்றைக்குள் 350 ராண்ட் அனுப்பினால் நாளை தேர்வு" என்று எனக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது. முகவரி கேட்டேன். அதோடு ஆள் காணாமல் போனார்.

4. போய்ச் சேருவது

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கணக்கு வேலை அதிகம் கிடைப்பது உம்லாங்கா ரிட்ஜ், லா லூசியா ரிட்ஜ் அலுவலக வளாகங்களில். சாட்ஸ்வொர்த்திலிருந்து நேராக ஒரே வண்டி என்று நம்பாதீர்கள். மினிபஸ் டாக்ஸியில் டவுனுக்கு வந்து, வார்விக் பக்கம் இறங்கி, அங்கிருந்து உம்லாங்காவில் இருக்கும் கேட்வே மாலுக்குப் போகும் டாக்ஸியைப் பிடிக்க வேண்டும். வண்டி நிரம்பினால்தான் கிளம்பும். காலை ஒன்பது மணித் தேர்வுக்கு நான் ஆறு மணிக்கே வீட்டை விட்டு இறங்கினேன். போக வரக் கட்டணம், திரும்பும் வழியில் ஒரு குவாட்டர் பன்னி (கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தருவது) எல்லாம் சேர்ந்து இருநூறு ராண்டுக்குள் முடிந்தது. ஊபர் என்றால் ஒரு வழிக்கே அதைத் தாண்டிவிடும்.

டாக்ஸியில் புதியவர்களுக்கு ஒரு யோசனை: ஓட்டுநர் பக்கத்து முன் சீட்டில் உட்காராதீர்கள். பின்னாலிருந்து எல்லோரும் காசை முன்னால் கடத்துவார்கள். அதை வாங்கி எண்ணி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்குப் பார்த்துச் சில்லறை திருப்பித் தருவது முன் சீட்டுக்காரரின் வேலை. நான் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் எழுதிய முதல் தேர்வு அதுதான். அதில் பாஸ்.

அலுவலக வளாகத்தின் வாசலில் தடுப்புக் கட்டை, காவலர், பதிவேடு எல்லாம் இருக்கும். பாஸ்போர்ட் கேட்பார்கள், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டு உள்ளே போன் போடுவார்கள். லேப்டாப் கொண்டுபோனால் அதன் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்வார்கள். காலை நேரத்தில் இதற்கே கால் மணி நேரம் ஆகும். தேர்வு நேரத்துக்கு அரை மணி முன்னால் வாசலில் இருங்கள்.

5. அறைக்குள் முதல் ஐந்து நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

விண்டோஸில் தென்னாப்பிரிக்க ஆங்கில அமைப்பு இருந்தால் தசமப் புள்ளிக்குப் பதில் கமா. ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி. நாம் 1,250.50 என்று எழுதுவதை இங்கே 1 250,50 என்று எழுதுகிறார்கள். நீங்கள் பழக்கத்தில் 12.50 என்று அடித்தால் எக்செல் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது, எழுத்து என்று நினைத்துக்கொள்ளும். அப்படி அடித்த பன்னிரண்டு வரியைக் கூட்டச் சொன்னால் பூஜ்யம் வராமல் என்ன வரும்?

கண்ணால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எண் என்றால் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும். எழுத்து என்றால் இடது ஓரம். என் பன்னிரண்டு தொகையும் இடது ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மண்டையில் ஏறவில்லை.

இன்னொரு வேடிக்கை. விசைப்பலகையின் வலது ஓரத்தில் இருக்கும் எண் பகுதியில் புள்ளி விசையை அழுத்தினால் எக்செல் அதைத் தானாகவே கமாவாகப் போடும். அதனால் எண் பகுதி உள்ள பெரிய விசைப்பலகையில் அடிக்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. லேப்டாப்பில் தேர்வு வைத்தால்தான் மாட்டிக்கொள்வோம். எனக்குக் கொடுத்தது சின்ன லேப்டாப்.

சூத்திரங்களிலும் இதே கதைதான். கமா தசமத்துக்குப் போய்விட்டதால், சூத்திரத்துக்குள் பகுதிகளைப் பிரிக்க அரைப்புள்ளி போட வேண்டும். விலுக்கப் (VLOOKUP) ஆகட்டும், இஃப் (IF) ஆகட்டும், நம் ஊர் மாதிரிக் கமா போட்டால் "சூத்திரத்தில் பிழை" என்று முகத்தில் அடிக்கும். கமாவால் பிரித்த சிஎஸ்வி கோப்பைத் திறந்தால் எல்லாம் ஒரே பத்தியில் குவிந்து கிடக்கும். பயப்படாதீர்கள். டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய்ப் பிரித்துவிடலாம்.

எனவே உட்கார்ந்ததும் ஒரு வெற்றுக் கட்டத்தில் 1,5 என்று அடியுங்கள். வலது பக்கம் போனால் கமா அமைப்பு. இடது பக்கம் நின்றாலோ 15 என்று மாறினாலோ புள்ளி அமைப்பு. பல கம்பெனிகள் வேண்டுமென்றே புள்ளிக்கு மாற்றி வைத்திருக்கும், அதனால் ஊகிக்காமல் சோதித்துப் பாருங்கள். எக்செல்லில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் போனால் 'யூஸ் சிஸ்டம் செபரேட்டர்ஸ்' என்ற டிக்கை எடுத்துவிட்டுப் புள்ளிக்கு மாற்றவும் முடியும். ஆனால் அது அவர்களுடைய கணினி, கேட்காமல் கை வைக்காதீர்கள். இரண்டாவது இடத்தில் நான் கேட்டேன். மேற்பார்வைக்கு இருந்த அம்மா சிரித்துக்கொண்டே, "நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவரா? அப்படியே விட்டுவிட்டு இங்குள்ள முறையில் செய்யுங்கள்" என்றார். சரி, அப்படியே செய்தேன்.

தேதியும் தலைகீழ். ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். பேச்சில் லட்சம், கோடி வேண்டாம். "ஒன் லேக்" என்றால் இங்கே ஏரியைத் தேடுவார்கள். நூறு ஆயிரம் என்று சொல்லிப் பழகுங்கள்.

வீட்டில் பழக ஒரு பைசா செலவில்லை. உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் செட்டிங்ஸில் ரீஜன் பகுதிக்குப் போய் வடிவத்தைத் தென்னாப்பிரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு ஒரு வாரம் எல்லாக் கணக்கையும் அதிலேயே போடுங்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். மூன்றாம் நாள் விரல் தானாகக் கமாவுக்குப் போகும்.

6. என்ன கேட்பார்கள்

தட்டச்சுத் தேர்வு பத்து நிமிடம். ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள், பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் என்பதால் நமக்குச் சிரமமில்லை. இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வாட் வரி கட்டாயம் வரும். விகிதம் 15 சதவீதம். வரி சேர்ந்த தொகை 1 150 ராண்ட் என்றால் அதில் வரி எவ்வளவு? அவசரத்தில் 1 150க்கு 15 சதவீதம் கணக்கிட்டு 172,50 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சரியான விடை 150. தொகையை 15ஆல் பெருக்கி 115ஆல் வகுக்க வேண்டும். கூடவே ஒரு மளிகை பில்லைக் கொடுத்து எதற்கு வரி, எதற்கு இல்லை என்று பிரிக்கச் சொல்வார்கள். அரிசி, மக்காச்சோள மாவு, பால், முட்டை, காய்ந்த பருப்பு, பழுப்பு ரொட்டி ஆகியவற்றுக்கு வரி பூஜ்யம். வெள்ளை ரொட்டிக்கு 15 சதவீதம். ரொட்டியின் நிறம் பார்த்து வரி போடுவது எனக்கு இன்னமும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வி வந்தது.

முக்கியமானது சப்ளையர் ரீகன், அதாவது சப்ளையர் கணக்கை நம் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. சப்ளையர் அனுப்பிய ஸ்டேட்மென்ட் ஒரு தொகை சொல்லும், நம் லெட்ஜர் வேறு சொல்லும், ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வந்தது போன்ற ஒன்றைத் தருகிறேன். ஸ்டேட்மென்டில் 48 330,00. லெட்ஜரில் 41 070,00. வித்தியாசம் 7 260,00. ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே போனால், 4 600,00க்கு ஒரு இன்வாய்ஸ் நம் புத்தகத்தில் ஏறவில்லை. மாதக் கடைசியில் நாம் கட்டிய 2 300,00 அவர்கள் ஸ்டேட்மென்டில் வரவில்லை. இரண்டையும் கழித்தால் 360 மிச்சம். இந்த இடத்தில்தான் பலர் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

எங்கள் அப்பா பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடையில் கணக்குப்பிள்ளை. மிச்சம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார் என்பார். 360 ஒன்பதால் வகுபடும். தேடினேன். 1 950,00 இன்வாய்ஸை 1 590,00 என்று ஏற்றியிருந்தார்கள். அறையில் யாரும் இல்லை, இருந்தாலும் "அப்பா!" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கண்டுபிடித்ததோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பிழையை யார் திருத்த வேண்டும் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வரி எழுதுங்கள். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு.

மென்பொருளில் டேலியை மறந்துவிடுங்கள். சிறு, நடுத்தரக் கம்பெனிகளில் எங்கே பார்த்தாலும் பேஸ்டல். அதில் கேஷ்புக்கில் வரிகளை ஏற்றினால் அவை ஒரு பேட்ச்சாகக் காத்திருக்கும். 'அப்டேட்' கொடுத்த பிறகுதான் லெட்ஜருக்குப் போகும். ஏற்றிவிட்டோம் என்று நினைத்து ட்ரயல் பேலன்ஸ் எடுத்தால் பழைய தொகையே நிற்கும். டேலியில் சேமித்ததுமே ஏறிப் பழகிய நமக்கு இது பெரிய பொறி.

அப்புறம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமியுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் மேசைக் கணினி அணைந்துவிடும். கூடுதல் நேரம் தருவார்களா என்பது அந்தந்த இடத்தின் மனசைப் பொறுத்தது.

7. கையெழுத்து கேட்கும் படிவங்கள்

தேர்வு நாளன்றே குற்றப் பதிவு, கல்வித் தகுதி, கடன் வரலாறு ஆகியவற்றைச் சரிபார்க்க உங்கள் சம்மதம் கேட்டுப் படிவம் நீட்டுவார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா காரணமாகச் சம்மதம் வாங்குகிறார்கள். கடன் வரலாற்றை எல்லா வேலைக்கும் பார்க்க முடியாது. பணம் கையாளுகிற, நம்பிக்கை தேவைப்படுகிற வேலைக்குத்தான் பார்க்கலாம். கணக்கு வேலை அதில் அடங்கும். புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறே இருக்காது. அது குறையாகிவிடாது, ஆனாலும் "இந்த ஆண்டுதான் நாட்டுக்கு வந்தேன்" என்று படிவத்திலேயே ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். படிவத்தில் வெற்றிடம் விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.

8. பேச்சில் தடுக்கும் இடங்கள்

நேர்காணல் செய்கிறவரின் பெயர்ப்பலகையில் பிள்ளை, நாயுடு, கோவிந்தர் என்று இருந்ததும் வாய் தானாகத் தமிழுக்குப் போகும். பொறுங்கள். டர்பனில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழர் வீடுகளில் ஆங்கிலம்தான் பேச்சு. காவடி எடுப்பார்கள், தேவாரம் பாடுவார்கள், ஆனால் நாம் பேசும் தமிழ் பலருக்குப் புரியாது. என் மாமியாரே என்னோடு பாதி ஆங்கிலம்தான். ஒரு 'வணக்கம்' போதும், முகம் மலரும். மீதியை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தேர்வு முடிந்து நான் வாடிய முகத்தோடு வெளியே வந்தபோது வரவேற்பறைப் பெண் என்னைப் பார்த்து "ஷேம்!" என்றாள். வெட்கக்கேடு என்கிறாளே என்று வழியெல்லாம் குமைந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே அதற்கு 'ஐயோ பாவம்' என்று அர்த்தமாம்.

'ஜஸ்ட் நவ்' இன்னொன்று. நமக்கு அது 'இப்போதுதான்'. இங்கே அது 'பிறகு, எப்போதாவது'. "முடிவை ஜஸ்ட் நவ் சொல்கிறோம்" என்றால் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். நான் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

9. முடிவு

விளம்பரத்தின் அடியில் "இத்தனை நாளில் பதில் வராவிட்டால் நீங்கள் தேர்வாகவில்லை" என்று போட்டிருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரம். அதற்குள் போன் போட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம். தேர்வு முடிந்த மறுநாள் நன்றி சொல்லி நாலு வரி மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.

இல்லை என்று வந்தால் காரணம் கேளுங்கள். நம் ஊரில் கேட்கத் தயங்குவோம். இங்கே கேட்கலாம், தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. "விடைத்தாளில் எங்கே குறை என்று சொன்னால் அடுத்த முறைக்கு உதவும்" என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: விடை சரி, ஆனால் மொத்தத்துக்குச் சூத்திரம் இல்லை, தொகைகள் எழுத்தாகப் பதிவாகியிருக்கின்றன. அந்த மின்னஞ்சல் வரவில்லையென்றால் புள்ளியை இன்னமும் அடித்துக்கொண்டேதான் இருந்திருப்பேன்.

ஆம் என்று வந்தால் அன்றே ஆஃபர் கடிதத்தைக் கம்பெனியின் தலைப்புத் தாளில், கையெழுத்தோடு, வேலையின் பெயர், சம்பளம், காலம் எல்லாம் குறிப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். விசா விண்ணப்பத்துக்கு அதுதான் வேண்டும். என் கடிதத்தில் பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தது. திருத்தி வாங்க ஒன்பது நாள் ஆனது.